வேஷம் கட்டாத ஒத்திகை

பழனி அடிவாரத்தில், வேன்கள் நிற்கிற இடத்தில், நீலச் சட்டைக்காரர் ஒருவர் தன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஏனுங்கம்மா, இது யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

கண்ணாடியை வேனிலேயே வைத்துவிட்டு இறங்கியிருந்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். செல்போனுக்குள் என் தம்பி ஆரோக்கியசாமி பேசிக்கொண்டிருந்தான். செல்போனுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, அதே தம்பியின் சட்டைக் காலரை நாலைந்து பேர் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மீசையில் நின்றது.

"என் தம்பி" என்றேன்.

"அப்பச் சரி. கூட்டாளியும் சிக்கிருச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் கூட்டாளி நான்தான். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சமூக அறிவியல் நடத்தி, தொண்டையைக் கெடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவள். இந்த வயதில் எனக்குப் பிள்ளை பிடிக்கிற கும்பலில் இடம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இது நடந்து ரொம்ப காலம் ஆகவில்லை. இந்தத் தொடரில் இதுவரை பழைய கதைகளாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வாசகி குறைபட்டிருந்தார். அவருக்காக இந்த வாரம் புதுக் கதை. ஆனால் புதுக் கதை புரிய வேண்டுமானால் கொஞ்சம் பழையதுக்குள் போய்த்தான் வர வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் எருசலேம்

அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் கடைசியில் பாஸ்கா போடுவோம். ஆண்டவர் பிடிபட்டு, பாடுபட்டு, உயிர்விட்டு, உயிர்த்தெழுகிற வரைக்கும் ஊரே சேர்ந்து நடிக்கிற நாடகம் அது. அரிசி மண்டிக்காரர், எலக்ட்ரீசியன், கறிக்கடைக்காரர் எல்லாரும் அந்த வாரம் நடிகர்கள்தான்.

உலக வரலாறு என் மண்டைக்குள் முதலில் நுழைந்தது இந்த நாடகத்தின் வழியாகத்தான். அதில் ஒரு சிக்கல். வேஷச் சாமான்களைத் திண்டுக்கல்லில் ஒரு வாடகைக் கடையிலிருந்து எடுத்து வருவார்கள். அதே கடைதான் புராண நாடகங்களுக்கும் வாடகை கொடுக்கும். அதனால் எங்கள் ஊர் ரோமாபுரிச் சிப்பாய்கள் எல்லாரும் கையில் கதாயுதம் வைத்திருப்பார்கள். ரோமாபுரி அதிகாரியாக நடித்த கம்பவுண்டருக்கு முன்பல் ஒன்று தங்கப் பல். தீர்ப்புச் சொல்லும்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது மின்னும். பின்னாளில் எத்தனையோ புத்தகம் படித்தாயிற்று. ரோமாபுரி என்று படித்தால் இன்றும் எனக்கு அந்தப் பல்தான் வருகிறது.

எருசலேமும் அப்படித்தான். திரைச்சீலை வரைந்தவர் தன் வாழ்நாளில் பார்த்த ஒரே கோட்டை திண்டுக்கல் மலைக்கோட்டை. அவர் அதையே வரைந்துவிட்டார். பின்னால் ஒரு மொட்டைப் பாறை நிற்காத எருசலேமை என்னால் நினைக்கவே முடியாது.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ரோமானியச் சிப்பாய் படம் வரையச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கதாயுதத்தோடு வரைந்து நீட்டினாள். வகுப்பே சிரித்தது. நான் சிவப்பு மையால் அடிக்கத்தான் செய்தேன். ஆனால் மற்ற பிள்ளைகள் வரைந்த ஈட்டிச் சிப்பாய்களைவிட இவள் வரைந்தவன்தான் எனக்குத் தெரிந்த ஆளாக இருந்தான். என்ன செய்வது, முதலில் பார்த்தது அப்படியே ஒட்டிக்கொள்கிறது.

பேர் சொல்லாத வேஷம்

பாஸ்காவில் வேஷங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் பாத்தியதை. எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது ஆண்டவரை முத்தமிட்டுப் பிடித்துக் கொடுக்கிற அந்த ஒருவனின் வேஷம்.

அவன் பேரை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டுக்கு ஆகாது. "காட்டிக்கொடுத்தவன்" என்பார்கள், அம்புட்டுத்தான். "இந்த வருஷம் காட்டிக்கொடுக்கிறது யாரு?" என்றால் "மேலத்தெரு ராயப்பன்தான்" என்பார்கள். ராயப்பன் என் அப்பா.

அப்பா அந்த வேஷத்தில் மேடை ஏறினால் பெண்கள் முன்வரிசையிலிருந்து மண்ணை வாரி இறைப்பார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. "இந்தத் தடவ ஒரு கூடை மண்ணாவது விழுந்திருக்கும்" என்று தலையை உதறிக்கொண்டே சொல்வார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தவக்காலம் முழுக்க நான் அவரிடம் போக மாட்டேனாம். தூக்க வந்தால் அலறுவேனாம். உயிர்ப்பு ஞாயிறு அன்று பிரியாணி வாசம் வந்த பிறகுதான் அவர் மடியில் உட்காருவேன் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். சொந்த அப்பாவையே ஒரு கதை எனக்கு வேறு ஆளாக்கிவிட்டிருந்தது. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பிறகு வேஷம் தம்பிக்கு வந்தது. ஆரோக்கியசாமி வேன் ஓட்டுகிறவன். திண்டுக்கல் டவுனிலிருந்தும் சுற்றுப்பட்டியிலிருந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவான். சனி, ஞாயிறு வாடகைக்குப் போவான். குரல் மட்டும் கட்டைக்குரல். மற்றபடி ஒரு கோழியை விரட்டக்கூடத் தெரியாது.

வாய்ப்பேச்சு

எங்கள் அண்ணாவியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாடகம் சொல்லிக்கொடுத்து நடத்துகிறவரை அண்ணாவியார் என்போம். சூசை அண்ணாவியாருக்கென்று ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் வசனத்தைக் கையில் தர மாட்டார். அதில் எல்லாம் செந்தமிழ். "ஏட்டுல உள்ளத மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா கிளிப்பிள்ளை மாதிரி இருக்கும். மொதல்ல உன் வாயில சொல்லு. நீ சந்தையில நின்னா எப்படிப் பேசுவியோ அப்படிப் பேசு" என்பார். அதற்கு வாய்ப்பேச்சு என்று பேர். கொஞ்ச நாள் எல்லாரும் லுங்கியும் பனியனுமாக நின்று, கோழிக்கடையில் பேசுகிற மாதிரியே ஆண்டவரின் பாடுகளைப் பேசிப் பழகுவார்கள். அது நெஞ்சில் ஏறிய பிறகுதான் செந்தமிழ், வேஷம், கதாயுதம் எல்லாம்.

இந்தக் கதை நடந்த வருஷம் கோயில் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பேச்சு நடந்தது. தம்பி சவாரி முடிந்து நேராக வந்தவன், வேனை அங்கேயே நிறுத்திவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் நின்றான். எதிரே, ஆண்டவரைப் பிடிக்கத் தேடுகிற பெரிய குருக்களாக நடிக்கிறவர்கள். நானும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாவியார், "ஏலே ஆரோக்கியம், நீ ஆரம்பி. அவங்கட்ட போயி ஆளைக் காட்டித் தாரேன்னு சொல்லணும்" என்றார்.

தம்பி சுற்றும்முற்றும் பார்த்தான். குரலை இறக்கினான்.

"இங்கன பாருங்க. பகல்ல வேணாம். பொழுது சாஞ்சு வாங்க. அம்புட்டுப் பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க, உங்களுக்கு ஆளு தெரியாது. நான் முன்னாடி போறேன். யாருக்கு முத்தம் குடுக்குறேனோ அதுதான் ஆளு. சத்தம் போட விடாமப் பிடிச்சுக்கிட்டுப் போயிருங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. செந்தமிழில் எத்தனையோ தடவை கேட்ட இடம். இவன் சொன்னபோதுதான், ஒரு மனுஷன் இதை நிஜமாகவே ஒரு மூலையில் நின்று பேசியிருப்பான் என்று தோன்றியது. அண்ணாவியாருக்குக் கண் கலங்கியது. "அப்பு, உங்கப்பன்கூட இப்படிச் சொன்னதில்லடா" என்றார்.

மூத்த சீடராக நடிக்கும் சவரிமுத்து இதையெல்லாம் செல்போனில் பிடித்தார். ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். "எங்கள் ஊர் பாஸ்கா ஒத்திகை" என்று எழுதிப் பெருமையாகப் போட்டார். ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சென்னையில் இருக்கிறவர்கள், துபாயில் இருக்கிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஆரோக்கியம் பிச்சு உதறிட்டான் என்று ஒரே பாராட்டு.

அதிலிருந்து யாரோ ஒருவர் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டி எறிந்திருக்கிறார். யாரென்று இன்றுவரை தெரியாது. அண்ணாவியார் குரல் இல்லை, குருக்கள் முகம் இல்லை. தம்பி பேசுவது மட்டும். பின்னால் அவன் வேன். அதன்மேல், "உஷார். பள்ளி வேன் டிரைவர் வேஷத்தில் பிள்ளை பிடிக்கும் கும்பல். முத்தம் கொடுத்து அடையாளம் காட்டுவார்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் துண்டு எங்கள் யாருக்கும் வரவே இல்லை. எங்களைத் தெரிந்தவர்களிடம் முழு வீடியோ சுற்றியது. தெரியாதவர்களிடம் துண்டு சுற்றியது.

மொட்டைத் தலையில் சந்தனம்

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் கலைச்செல்வி டீச்சர். அவர் பேரனுக்குப் பழனியில் முடியிறக்கினார்கள். "நீங்களும் வாங்க டீச்சர், உங்க தம்பி வண்டிதான்" என்று கூப்பிட்டார். மொட்டைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் டீச்சருக்கும் எனக்கும் உண்டே. போனேன்.

முடியிறக்கி, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். எனக்கு முழங்கால் வலி. வேனிலேயே இருந்தேன். பங்குனி மாதம், நல்ல வெயில், எந்த ஊரிலிருந்தெல்லாமோ பஸ்கள். டீச்சரும் அவர் மகள் பிரியாவும் மருமகனும் பஞ்சாமிர்தம் வாங்கக் கடைக்குள் போனார்கள். கடையில் கூட்டம். பிள்ளை வெயிலில் சிணுங்கினான். "குடும்மா, நான் வேன்ல வச்சிருக்கேன்" என்று தம்பி அவனை வாங்கிக்கொண்டு வந்தான்.

வருகிற வழியில் சிணுங்கல் அழுகையாகிவிட்டது. தம்பி ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தான். அடங்கவில்லை. தூக்கிப் போட்டுப் பிடித்தான். அடங்கவில்லை. பிறகு, பிள்ளைகளைத் தூக்கிப் பழகின எவரும் செய்கிறதைச் செய்தான். கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தான்.

ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டீக்கடை முன்னால் நின்ற ஒருவர் தம்பியைப் பார்த்தார், கையிலிருந்த செல்போனைப் பார்த்தார், மறுபடி தம்பியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ காட்டினார். நான் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டென்று நாலைந்து பேர் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் எழுந்து கதவைத் திறந்து இறங்குவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

பிள்ளையை ஒரு அம்மா பிடுங்கிக்கொண்டார். "சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குப் பின்னால் போனார். என் உயிரே போய்விட்டது. இங்கே தம்பியை அடிக்கிறார்கள், அங்கே முன்பின் தெரியாத ஒருத்தி அடுத்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். நான் எந்தப் பக்கம் ஓடுவேன்?

வேஷம் எங்கே?

தம்பியிடம்தான் ஓடினேன். அப்போதுதான் நீலச் சட்டைக்காரர் என்னை மறித்து வீடியோவைக் காட்டினார். நான் "என் தம்பி" என்று சொல்லிக் கூட்டாளி ஆனேன்.

"ஐயா, இது நாடகம். எங்க ஊர்ல பாஸ்கா. அதுக்கு ஒத்திகை பார்த்தது" என்றேன்.

"நாடகமுன்னா வேசம் இருக்குமில்லைங்க? வேசம் எங்க?"

"ஒத்திகைக்கு வேஷம் கட்ட மாட்டாங்க."

"நாடகத்துல இப்படித்தான் நம்மளாட்டம் பேசுவாங்களா? வசனமாட்டமே இல்லையேங்க."

இவன் நன்றாக நடித்துவிட்டான், அதுதான் குற்றம் என்று சொல்லவா? அவர் மனதில் நாடகம் என்றால் மினுங்குகிற சட்டையும் அடுக்குமொழியும். பிள்ளை பிடிக்கிறவன் என்றால் இந்தச் செல்போனில் இருக்கிற மாதிரி. இரண்டையும் எங்கேயோ பார்த்துத்தான் வைத்திருந்தார். முழு வீடியோ இருக்கிற என் செல்போனோ கண்ணாடியோடு வேனிலேயே கிடந்தது.

"சரிங்க, நாடகத்துல இவரு யாரு?"

பதற்றத்தில் பழக்கம்தான் வாயில் வந்தது. "காட்டிக்கொடுக்கிறவன்" என்றேன்.

"கேட்டீங்களா, அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க" என்று ஒருவன் கத்தினான். தம்பிக்கு இன்னும் இரண்டு அடி விழுந்தது.

அந்தப் பேரைச் சொல்லியிருந்தால் யாருக்காவது புரிந்திருக்கும். பிறந்ததிலிருந்து சொல்லாத பேர், தம்பி அடிபடுகிற நேரத்தில் நாக்கில் வந்து நிற்குமா?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். "கையை எடுங்க. இதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு, பின்னாடி என்ன இருந்துச்சுன்னு யாராவது பார்த்தீங்களா?"

வருஷக்கணக்காக நான் வகுப்பில் கேட்ட கேள்வி அதுதான். கல்வெட்டானாலும் செய்தித்தாளானாலும் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்பேன். தேர்விலும் கேட்பேன். பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள்.

நீலச் சட்டைக்காரர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "முன்னாடி ஒண்ணுமில்லைங்க. இங்கிருந்துதான் ஆரம்பிக்குது."

எங்கள் ஊரிலேயே கட்டைக்குரல் தம்பிக்குத்தான். அவ்வளவு குரலும் எங்கேயோ போய்விட்டது. என்னைப் பார்த்து, "அக்கா, பிள்ளை எங்கக்கா?" என்று மட்டும் கேட்டான்.

பஞ்சாமிர்த டப்பாக்களோடு டீச்சர் குடும்பம் வந்து சேர்ந்தது அப்போதுதான். பிரியா அலறிக்கொண்டு பிள்ளையிடம் ஓடினாள். வைத்திருந்த அம்மா கொடுக்கவில்லை. "நீதான் ஆத்தான்னு எப்படிம்மா நம்புறது?" என்றார். பிரியா தன் செல்போனில் பிள்ளையின் படத்தைக் காட்டினாள். தலை நிறைய முடியோடு சிரிக்கிற படம்.

"இந்தப் பையனுக்கு முடி இருக்குதே" என்றார் அந்த அம்மா.

பழனியில் நின்றுகொண்டு. கையில் சந்தனம் பூசிய மொட்டைப் பிள்ளையை வைத்துக்கொண்டு.

நல்லவேளையாகப் பிள்ளைக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. "அம்மா" என்று பிரியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிறகு தன் அப்பா பக்கம் திரும்பி அவர் சட்டையில் மூக்கைத் துடைத்தான். அதன் பிறகுதான் தம்பியின் காலரை விட்டார்கள். கூட்டம் கலைகிறபோது ஒருவராவது மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். "காலம் கெட்டுக் கிடக்குதுங்க, பார்த்துப் போங்க" என்று எங்களுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் பாட்டில்

நீலச் சட்டைக்காரர் மட்டும் போகவில்லை. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார். தம்பியை வேன் படியில் உட்கார வைத்து, குனியச் சொல்லி, தானே முகத்தைக் கழுவிவிட்டார். லாட்ஜுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவராம். இரண்டும் பெண் பிள்ளைகளாம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைகளை நினைச்சுத்தானுங்க பதறிட்டோம்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

"அப்ப இது நெசமில்லைன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்றேன்.

"இவரு இல்லைன்னு தெரிஞ்சுதுங்க." பாட்டிலை மூடினார். "ஆனா கும்பல் இருக்குமில்லைங்க? இல்லாமயா இப்படி அனுப்புவாங்க?"

டீச்சர் மருமகன் போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். தம்பி வேண்டாம் என்றுவிட்டான். "விடுங்க சார். நான் திங்கக்கெழம பிள்ளைகள ஏத்தணும்." ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை பிள்ளை பலூன் கேட்டு அழுதான். அது அடிதடியில் போய்விட்டிருந்தது.

சிவப்புத் துண்டு

ஊரில் கூட்டம் போட்டார்கள். வாய்ப்பேச்சு ஒத்திகையே வேண்டாம், நேராக வசனத்துக்குப் போய்விடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அண்ணாவியார் துள்ளிவிட்டார். "ஏலே, எவனோ வெட்டுனதுக்கு நான் என் தொழில விடணுமா? வாய்ப்பேச்சு இல்லாட்டி நெஞ்சுல ஏறாதுடா."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒத்திகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தலையில் ஒரு சிவப்புத் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும். வீடியோவில் எந்த இடத்தை வெட்டி எடுத்தாலும் தலையில் துண்டு இருந்தால் நாடகம் என்று தெரியுமாம். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. லுங்கியும் சிவப்புத் தலைக்கட்டுமாக ஆண்டவரும் சீடர்களும் கோயில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் கட்சிக் கூட்டம் போல இருக்கும்.

சவரிமுத்து முழு வீடியோவை விளக்கத்தோடு மறுபடி போட்டார். அதைப் பரப்பச் சொல்லிக் கெஞ்சினார். அடி வாங்கித் தந்த துண்டு வீடியோ பரவின வேகத்தில் பாதிகூட அதற்கு இல்லை. யாரோ ஒருவர் அதன் கீழே "நடிப்பு சுமார்" என்று எழுதியிருந்தார்.

தம்பி அந்த வருஷம் நடிக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். நடித்தான். ஆண்டவரை முத்தமிட்டுப் பிடித்துக் கொடுக்கிற தோட்டத்துக் காட்சியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேராகப் போனான். ஆண்டவராக நடித்த எலக்ட்ரீசியனின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ஒரு தயக்கமும் இல்லை. பெண்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். அப்பாடா, சரியாகிவிட்டான் என்று எனக்கு நிம்மதி வந்தது. அதைக் கோயிலில் முழங்காலிட்டுச் சொல்லி நன்றியும் செலுத்தினேன்.

வேன் படி

பழனிக்குப் போய் வந்த பிறகு, வேன் பிள்ளைகளின் பெற்றோர்களில் சிலருக்கும் அந்தத் துண்டு வீடியோ வந்து சேர்ந்தது. அவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தெரியும். யாரும் பிள்ளையை நிறுத்தவில்லை. ஆனாலும் வேனில் ஒரு பெண் துணை இருந்தால் நல்லது என்று பக்குவமாகச் சொன்னார்கள். எனக்கும் வீட்டில் வேலை இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்தேன்.

வேன் படி உயரம். எல்.கே.ஜி. பிள்ளைகளால் ஏற முடியாது. தம்பி ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதித்து இறங்கி, அக்குளில் கைகொடுத்து, "பறக்குது பறக்குது" என்று தூக்கி உள்ளே விடுவான் என்று பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஏறின நாளிலிருந்து அதைப் பார்க்கவில்லை. படி ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். "நீயா ஏறு பாப்பா, நீயா ஏறு" என்பான். ஏற முடியாவிட்டால் என்னைப் பார்ப்பான். நான் முனகிக்கொண்டே எழுந்து போய்த் தூக்குவேன். பாஸ்கா முடியட்டும், மாறிவிடுவான் என்று இருந்தேன்.

பாஸ்கா முடிந்து மறுபடி பள்ளிக்கூடம் திறந்த காலை. பேகம்பூரில் ரஹ்மத்தின் வீட்டு முன்னால் வேன் நின்றது. அவள் கணவர் தோல் வியாபாரம் செய்கிறார். மகள் அஃப்ரின் வேனிலேயே சின்னவள். படிக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நீயா ஏறு பாப்பா" என்றான் தம்பி.

"பறக்கணும்" என்றாள் அவள்.

அன்றைக்கு என் முழங்கால் ரொம்பவே படுத்தியது. எழுந்திருக்கத் தாமதமாயிற்று. ரஹ்மத் வாசலில் நின்றபடியே சிரித்தாள்.

"அண்ணே, நீங்களே தூக்கி விடுங்கண்ணே. டீச்சருக்கு எதுக்குச் சிரமம்? நான்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்ல."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அதில் இம்மியும் சந்தேகம் இல்லை. தம்பி அவளைப் பார்த்தான். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் செல்போன் பேசிக்கொண்டிருந்தார். அவரையும் பார்த்தான்.

பிறகு குனிந்து, அஃப்ரின் முதுகில் இருந்த பள்ளிக்கூடப் பையின் இரண்டு வார்களையும் சேர்த்துப் பிடித்தான். பையோடு பிள்ளையைத் தூக்கி, மேல் படியில் நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டான். அவன் விரல் அவள் மேல் எங்கேயும் படவில்லை. அஃப்ரினுக்கு அது புது விளையாட்டாகத் தெரிந்தது. கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

அஃப்ரின் வளர்ந்துவிட்டாள். அவளாகவே ஏறிக்கொள்கிறாள். புதிதாக எல்.கே.ஜி. பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களையும் தம்பி பையின் வாரைப் பிடித்துத்தான் ஏற்றுகிறான். அந்தப் பிள்ளைகள் வேனைக் கண்டதும் கையைத் தூக்குவதில்லை. முதுகைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆளைத் தூக்குவது என்றால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள்.